சுவரும் பதிவேடும்

தனியாள் கணினியில் நிரல் எழுதத் தொடங்கும் எவருக்கும் இன்று முதற்பாடமாகச் சொல்லப்படுவது, திட்டத்துக்கு ஒரு தனிச்சூழல் அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி. நிரலைப் படித்து இயக்கும் இன்டர்பிரெட்டர், அந்நிரல் துணைக்கு அழைக்கும் நூலகங்கள், அதாவது பிறர் முன்பே எழுதி வைத்த நிரல்தொகுதிகள், அவற்றின் குறிப்பிட்ட பதிப்புகள் ஆகியவற்றைப் பிற திட்டங்களிலிருந்தும் இயங்குதளத்திலிருந்தும் பிரித்து வைக்கும் ஏற்பாடே தனிச்சூழல். பைத்தான் மொழியில் இதன் எளிய வடிவத்துக்கு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று பெயர், இயங்குதளத்தின் கோப்புகளையும் சேர்த்து அடைக்கும் பெரிய வடிவத்துக்குக் கன்டெய்னர் என்று பெயர். விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் குறை இருக்கிறது. தனிச்சூழலுக்குள் சென்ற நிரல் மற்றவற்றோடு மோதாது, எந்தக் கணினியிலும் எந்தக் காலத்திலும் ஒரே விதமாக இயங்கும், கணினிக்குத் தீங்கும் செய்யாது என்று மூன்று உறுதிமொழிகள் ஒரே மூச்சில் வழங்கப்படுகின்றன. எளிய வடிவம் போதாதென்றால் கன்டெய்னருக்குப் போனால் மூன்றும் முழுமையாகக் கிட்டும் என்பது அந்த நம்பிக்கையின் அடுத்த படி. இம்மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதும், சுவர் எழுப்புவதால் தீர்வது முதலாவது மட்டுமே என்பதும், இரண்டாவதைத் தீர்ப்பது சுவரன்று, எழுதிவைத்த பதிவேடே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் உறுதிமொழியின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே தொடங்கலாம். லினக்ஸ் வகை இயங்குதளங்களில் பைத்தான் பயனருக்காக மட்டும் வைக்கப்பட்ட மொழியன்று. இயங்குதளம் தன் சொந்த வேலைகளுக்கும் அதையே நம்பியிருக்கிறது. சென்ட்ஓஎஸ் 6, 7 ஆகிய பதிப்புகளில் மென்பொருள்களை நிறுவும் யம் என்ற கருவி பைத்தான் 2-இல் எழுதப்பட்டிருந்ததால், பைத்தான் என்ற பெயர் சுட்டும் நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றியவர்கள், அடுத்த முறை யம்மை அழைத்தபோது அது இயங்க மறுப்பதைக் கண்டார்கள். உபுண்டுவில் இதே வேலையைச் செய்தவர்களுக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையச் சாளரமே திறக்காமற்போன கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஒரே கணினியில் ஒரு திட்டத்துக்கு ஒரு நூலகத்தின் முதல் பதிப்பும் இன்னொன்றுக்கு இரண்டாம் பதிப்பும் தேவைப்படும்போது, இரண்டையும் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் வைக்க முடியாது என்பது இன்னும் அடிப்படையான சிக்கல். எனவே "எதற்கு இந்தத் தொல்லை, கணினி முழுவதற்கும் ஒரே தடவை நிறுவிவிட்டால் போதாதா?" என்று கேட்கும் பழைய கட்சிக்கு இங்கே ஆதரவு கிடைக்காது. பைத்தானின் 668-ஆம் முன்மொழிவை ஏற்று, 2023-இல் வெளிவந்த டெபியன் 12, இயங்குதளத்துக்குரிய பைத்தானுக்குள் பிப் கருவியைக் கொண்டு பயனர் நூலகம் நிறுவுவதைத் தடுத்துவிட்டது. தடையை மீறியே தீருவேன் என்பவருக்காக ஒரு தெரிவும் விடப்பட்டிருக்கிறது. "இயங்குதளத்தின் தொகுப்புகளை உடை" என்று பொருள்படும் பெயர் அதற்கு. கணினித்துறையில் இவ்வளவு நேர்மையாகப் பெயரிடப்பட்ட தெரிவுகள் அதிகமில்லை.

மோதலைத் தடுக்கும் இந்தச் சுவர் உண்மையில் எத்தகையது என்று பார்த்தால், அதைச் சுவர் என்று அழைப்பதே மிகை என்பது புலப்படும். 2007-இல் இயன் பிக்கிங் எழுதிய வெர்ச்சுவல்என்வ் என்ற கருவியின் கருத்து, 405-ஆம் முன்மொழிவின் வழியாக 2012-இல் பைத்தான் 3.3-இன் பகுதியாயிற்று. அது உருவாக்குவது ஒரு சாதாரணக் கோப்புறை. அதற்குள் பைத்தானின் முழுப் பிரதி இருப்பதில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் வெளியே உள்ள பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்பும், மூலப் பைத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சில வரிகள் கொண்ட ஓர் அமைவுக் கோப்பும், நூலகங்களுக்கான வெற்றிடமுமே இருக்கின்றன. தொடங்கும்போது அந்த அமைவுக் கோப்பைக் காணும் பைத்தான், நூலகங்களை வழக்கமான இடத்தில் தேடாமல் இந்தக் கோப்புறையில் தேடுகிறது. சூழலைச் "செயல்படுத்தும்" கட்டளை செய்வதும், கட்டளைகளைத் தேடும் பாதைகளின் வரிசையில் இந்தக் கோப்புறையை முன்னுக்குக் கொண்டுவருவது என்பதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆக, இது தேடும் வழியைத் திருப்பிவிடும் கைகாட்டிப் பலகை. கைகாட்டிப் பலகை பயனுள்ள பொருள்தான். ஆனால் அதைக் கோட்டை மதில் என்று விற்கக் கூடாது.

பலகைக்கு அப்பால் விடப்பட்டவை எவை என்பதை மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் சைகோபிஜி2 நூலகத்தை அதன் மூல நிரலிலிருந்து நிறுவ முயன்றால், சி மொழிக் கம்பைலரும் அத்தரவுத்தளத்தின் சி நூலகமும் இயங்குதளத்தில் இருந்தாக வேண்டும். எத்தனை தூய்மையான தனிச்சூழலாக இருந்தாலும் அவை வெளியிலிருந்தே வர வேண்டும், அவற்றின் பதிப்பைச் சூழல் அறியாது. இன்டர்பிரெட்டரும் வெளியே இருப்பதுதான் என்பதால், உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறும்போது பைத்தான் 3.10 போய் 3.12 வருகிறது, அதை நம்பி அமைத்த பழைய சூழல்கள் ஒரே இரவில் செயலற்றுப் போகின்றன. கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் உள்ளே இருக்கும் கட்டளைகள் உடைகின்றன, ஏனெனில் அவற்றின் முதல் வரியில் பழைய இடத்தின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கிறது. இவை குறைபாடுகள் என்று சொல்வதும் முழுச் சரியன்று. சூழல் என்பது வேண்டும்போது அழித்துவிட்டு மீண்டும் எழுப்பிக்கொள்ளும் பொருள் என்று பைத்தானின் சொந்த ஆவணமே கூறுகிறது. எதைக் கொண்டு மீண்டும் எழுப்புவது என்ற கேள்வியில்தான் பொது நம்பிக்கை வாய்மூடி நிற்கிறது.

அக்கேள்விக்கு விடையில்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2022 பிப்ரவரி காட்டியது. இணையதளங்களை எழுதப் பயன்படும் பிளாஸ்க் என்ற நூலகத்தின் பழைய 1.1 வரிசையைப் பயன்படுத்திய பலர், தங்கள் தேவைப்பட்டியலில் பிளாஸ்க்கின் பதிப்பைத் துல்லியமாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பிளாஸ்க் ஜின்ஜா என்ற நூலகத்தையும், ஜின்ஜா மார்க்கப்சேஃப் என்ற இன்னொன்றையும் அழைக்கின்றன; ஜின்ஜாவின் பழைய பதிப்பு மார்க்கப்சேஃபின் எந்தப் புதிய பதிப்பானாலும் சரி என்று மட்டுமே அறிவித்திருந்தது. மார்க்கப்சேஃப் 2.1.0 வெளியானபோது, ஜின்ஜா நம்பியிருந்த ஒரு பழைய செயற்கூறு அதிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அன்று முதல், அந்தத் திட்டங்களுக்காகப் புதிதாக எழுப்பப்பட்ட சூழல்கள், வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டோ கன்டெய்னரோ, எல்லாம் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றன. மாதக்கணக்கில் தொடப்படாமல், பழைய மார்க்கப்சேஃபைச் சுமந்துகொண்டு அழுக்கேறிக் கிடந்த கணினிகளிலோ அதே நிரல் நன்றாக ஓடியது. தூய்மையான பெட்டியில் நிரல் உடைந்தது, குப்பை மேட்டில் அது பிழைத்தது. தனிமையே ஒரேவிதத் தன்மையைத் தரும் என்ற வாதம் சரியாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

இங்கே குறைவாக இருந்தது சுவரன்று, பூட்டுக் கோப்பு. ஒரு திட்டம் நேரடியாகக் கேட்கும் நூலகங்களை மட்டுமின்றி, அவை கேட்பவற்றையும், அவையும் கேட்பவற்றையும் கடைசிக் கண்ணி வரை கணக்கிட்டு, ஒவ்வொன்றின் துல்லியமான பதிப்பையும், இறக்கப்பட வேண்டிய கோப்பின் ஹேஷ் எனப்படும் கணிதக் கைரேகையையும் எழுதிவைக்கும் கோப்புக்கு அப்பெயர். அதை வைத்திருப்பவருக்கு மார்க்கப்சேஃப் 2.1.0 வெளியானது ஒரு செய்தி மட்டுமே. அவர் விரும்பி மாற்றும் வரை அது அவருடைய திட்டத்துக்குள் நுழையாது. நிறுவப்பட்டிருப்பதையெல்லாம் பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் கட்டளையைப் பலர் இதற்கு ஈடாகக் கருதுகிறார்கள். அது தற்போதைய நிலையை அப்படியே கொட்டித் தருகிறது. எது கேட்டு வாங்கியது, எது கூடவே வந்தது என்று பிரித்துச் சொல்வதில்லை, கைரேகையும் தருவதில்லை. கைரேகை ஒத்துப்போகாத கோப்பை மறுத்துவிடும் வசதி பிப்பில் 2016 முதலே இருக்கிறது. அறிமுகப் பாடங்களில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

இக்குறைகள் எடுத்துக்காட்டப்படும்போதெல்லாம் வரும் பதில், "அதனால்தான் டாக்கர்" என்பது. டாக்கர், 2013 மார்ச்சில் டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் பைத்தான் மாநாட்டு மேடையொன்றில் சில நிமிடங்களில் காட்டிய கருவி. அது பயன்படுத்தும் உத்திகள் அதைவிட மிகப் பழையவை. ஒரு நிரலுக்குத் தெரியும் கோப்பு மரத்தின் வேரையே மாற்றிவிடும் சிரூட் அழைப்பு 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. ஒரு நிரல்குழுவுக்கு வலையமைப்பும் கோப்புகளும் பிற நிரல்களும் வேறாகத் தெரியும்படி செய்யும் நேம்ஸ்பேஸ்களும், அதற்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் என்று வரம்பிடும் சிகுரூப்களும் லினக்ஸின் மையமான கெர்னலில் படிப்படியாகச் சேர்ந்தவை. கன்டெய்னர் என்பது இவற்றால் கண் மறைக்கப்பட்ட ஒரு சாதாரண நிரல். அதற்கென்று தனிக் கெர்னல் கிடையாது. சேவையகங்களில் இதன் பயனை யாரும் மறுப்பதில்லை. தனியாள் கணினிக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸ் கெர்னல் இல்லை என்பதால், அங்கே டாக்கர் முதலில் ஒரு முழு லினக்ஸ் மெய்நிகர்க் கணினியை எழுப்பி அதற்குள்தான் கன்டெய்னரை ஓட்டுகிறது. மெய்நிகர்க் கணினியைப் போலன்றி இது இலேசானது என்ற புகழுரை, மெய்நிகர்க் கணினிக்குள் அமர்ந்தபடியே சொல்லப்படுகிறது. விண்டோஸில் அதற்கு அடித்தளமான, லினக்ஸை விண்டோஸுக்குள் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, தனியாக வரம்பிடாவிட்டால் கணினியின் நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளக்கூடியது. 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில், உலாவியையும் நிரல் எழுதும் மென்பொருளையும் திறந்து வைத்திருக்கும் மாணவருக்கு மிஞ்சுவது என்ன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் விண்டோஸ் பக்கத்தில் கிடக்க, அவற்றை எல்லை தாண்டி லினக்ஸ் பக்கத்திலிருந்து படிக்கும்போது ஏற்படும் மந்தமும் தெரிந்ததே.

நினைவகத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம் என்பார் எவரேனும். ஆனால் எங்கும் என்றும் ஒரே விதம் என்ற இரண்டாவது உறுதிமொழியை விலைக்கு வாங்க முடியாது. கன்டெய்னர் எதிலிருந்து தொடங்குகிறதோ அந்த உறைந்த கோப்புத்தொகுதிக்குப் படிமம் என்று பெயர். அதைத் தயாரிக்கும் கட்டளைகளின் வரிசை டாக்கர்ஃபைல் எனப்படுகிறது. டாக்கர்ஃபைலைக் கையில் வைத்திருப்பதையே பதிவேடு வைத்திருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அதன் வழக்கமான வரிகளைப் படித்தால் எண்ணம் மாறும்: அடிப்படைப் படிமத்தை ஒரு பெயர்ச்சீட்டால் குறிப்பிடுகிறது, பிறகு இயங்குதளத்தின் தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்கிறது, பிறகு அன்றைக்குக் கிடைக்கும் பதிப்புகளை நிறுவுகிறது. பெயர்ச்சீட்டு இன்று ஒட்டியிருக்கும் படிமத்திலிருந்து நாளை வேறொன்றுக்கு மாற்றி ஒட்டப்படலாம். "அன்றைக்குக் கிடைக்கும்" என்பது ஒவ்வொரு நாளும் வேறு. ஊறுகாய்க் குறிப்பில் "தேவையான அளவு உப்பு" என்று எழுதியிருப்பது போன்றது இது. கைப்பழக்கம் உள்ளவருக்குப் போதும், அளவு அறிய விரும்புபவருக்குப் போதாது. டெபியன் 9-இன் தொகுப்புகள் 2023-இல் வழக்கமான சேவையகங்களிலிருந்து காப்பகத்துக்கு நகர்த்தப்பட்டபோது, அதை அடிப்படையாகக் கொண்ட டாக்கர்ஃபைல்கள், ஓர் எழுத்தும் மாறாத நிலையிலேயே, இரண்டாவது வரியில் நின்றுபோயின.

குறிப்பை விடுங்கள், படிமத்தையே சேமித்து வைத்தால் போதாதா என்பது இதற்கு வலுவான எதிர்வாதம். அதற்கு மதிப்பளித்தே பதில் சொல்ல வேண்டும். படிமத்தை எஸ்எச்ஏ256 கைரேகையால் குறிப்பிட்டு அழைத்தால் அன்று இருந்தது அப்படியே கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே வேலை செய்வது கன்டெய்னரின் சுவரன்று. எழுத்தில் உள்ள அந்த ஒற்றை வரிக் கைரேகையே. அதாவது எதிர்வாதம் பதிவேட்டின் பக்கமே சாய்கிறது. மேலும், உறைந்த படிமம் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காக்கிறதே அன்றி, அது எப்படி அங்கே வந்தது, எதை மாற்றினால் எது உடையும் என்பதைச் சொல்வதில்லை. ஒரு நூலகத்தில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்ட நாளில் அதைத் திறந்து திருத்தத் தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். வன்பொருளும் சுவருக்கு வெளியேதான் இருக்கிறது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சில்லைக் கொண்டுவந்தபோது, இன்டெல் வகைச் செயலிகளுக்காகக் கட்டப்பட்ட படிமங்கள் அக்கணினிகளில் பாவனைச் செயலி ஒன்றின் உதவியோடு மெதுவாக ஓடின, அல்லது ஓடாமல் நின்றன. செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கான என்விடியா வரைகலைச் செயலியின் டிரைவரும் கெர்னலோடு சேர்ந்து வெளியே நிற்பதுதான். பெட்டிக்குள் இருக்கும் நூலகம் அதோடு ஒத்துப்போகிறதா என்பதை அமைப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது உறுதிமொழியே மூன்றிலும் தீங்கானது, ஏனெனில் அதை நம்புபவர் எச்சரிக்கையைக் கைவிடுகிறார். 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச் நூலகத்தின் அன்றாடச் சோதனைப் பதிப்பை லினக்ஸில் பிப் வழியாக நிறுவியவர்களுக்கு, டார்ச்ட்ரைட்டன் என்ற துணை நூலகத்துக்குப் பதிலாக, அதே பெயரில் பொதுக் களஞ்சியத்தில் யாரோ ஏற்றி வைத்த போலி வந்து சேர்ந்தது. அது பயனரின் வீட்டுக் கோப்புறையிலிருந்த கோப்புகளையும், பிற கணினிகளில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் திறவுகோல்களையும் படித்து வெளியே அனுப்பியது. தனித் திட்டத்துக்கான தூய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் நிறுவியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். அச்சூழலுக்குள் ஓடும் நிரலும் பயனரின் முழு உரிமையோடே ஓடுகிறது, கைகாட்டிப் பலகை திருடனைத் தடுக்காது. முந்தைய வாரமே கைரேகையோடு எழுதப்பட்ட பூட்டுக் கோப்பை வைத்து நிறுவியவரிடம் அப்போலி நுழைந்திருக்க முடியாது என்பது கவனிக்கத்தக்கது.

கன்டெய்னர் இதைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்ளலாம்; வீட்டுக் கோப்புறை உள்ளே காட்டப்படாவிட்டால் அதைத் திருட முடியாது. ஆனால் தனியாள் கணினியில் அது எப்படிப் பயன்படுத்தப்படுகிறது? நிரலைத் திருத்தி உடனுக்குடன் ஓட்டிப் பார்க்க வேண்டியிருப்பதால் திட்டக் கோப்புறை உள்ளே இணைக்கப்படுகிறது. மாற்றங்களைக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் எஸ்எஸ்எச் திறவுகோல்களைப் பயன்படுத்தும் வழியும் உள்ளே திறந்துவிடப்படுகிறது, நிரல் எழுதும் மென்பொருள்கள் சில இதைக் கேட்காமலே செய்து தருகின்றன. லினக்ஸில் ஒவ்வொரு முறையும் நிர்வாகிக் கடவுச்சொல் கேட்பது எரிச்சலூட்டுவதால் பயனர் டாக்கர் குழுவில் சேர்க்கப்படுகிறார். அக்குழுவில் இருப்பது நிர்வாகி உரிமைக்குச் சமம் என்று டாக்கரின் ஆவணமே எச்சரிக்கிறது, ஏனெனில் அந்த உரிமை உள்ளவர் கணினியின் முழுக் கோப்பு மரத்தையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்துத் திருத்திவிட முடியும். கணினியைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு, கணினியின் தலைச்சாவியைச் சாதாரணப் பயனரின் சட்டைப்பையில் வைத்துவிடுகிறது. சுவரும் விரிசல் விடக்கூடியது என்பதற்கு, கன்டெய்னரைத் தொடங்கும் ரன்சி என்ற நிரலை உள்ளிருந்தபடியே மேலெழுத முடிந்ததாக 2019 பிப்ரவரியில் வெளியான குறை ஒன்றே போதும்.

பதிவேடும் எல்லா நோய்க்கும் மருந்தன்று. 2016 மார்ச்சில், எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் பதினொரு வரி நிரலான லெஃப்ட்-பேட், ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து அதன் ஆசிரியரால் நீக்கப்பட்டபோது, அதை எங்கோ ஆழத்தில் சார்ந்திருந்த பேபல் போன்ற பெரிய திட்டங்களின் நிறுவல் நின்றது. களஞ்சியத்திலேயே இல்லாத பொருளின் பதிப்பெண்ணைத் துல்லியமாக எழுதி வைத்திருந்தும் பயனில்லை. பதிவேட்டோடு பிரதியும் வேண்டும். இந்த எல்லை வரை சென்று சிந்தித்தவர்கள் இருக்கிறார்கள். எல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வில் விளக்கிய நிக்ஸ் என்ற நிறுவல் கருவி, ஒவ்வொரு தொகுப்பையும் அதை உருவாக்கிய எல்லா உள்ளீடுகளிலிருந்தும் கணக்கிட்ட கைரேகையையே பெயராகக் கொண்ட கோப்புறையில் வைக்கிறது. சி நூலகமும் கம்பைலரும்கூட அந்தக் கணக்கில் அடங்கும். ஒரே நூலகத்தின் பத்துப் பதிப்புகள் ஒரே கணினியில் மோதாமல் அருகருகே இருப்பதற்கு அங்கே சுவர் எதுவும் தேவைப்படுவதில்லை, பெயர்களே வேறு என்பதால். அதன் மொழி கற்கக் கடினமானது, பிழைச் செய்திகள் புரியாதவை என்ற புகார்கள் நியாயமானவை. தொடக்கநிலை மாணவரிடம் அதைத் திணிப்பது இன்னொரு மூடநம்பிக்கையாகும். ஆயினும் பதிவேடு துல்லியமானால் மோதலும் தானாகவே தீர்கிறது என்பதை அது செயலில் காட்டியிருக்கிறது. இதன் மறுதலையை எந்தப் பெட்டியும் காட்டியதில்லை.

தொடக்கநிலையில் உள்ளவரைப் பூட்டுக் கோப்பு, கைரேகை என்று குழப்பக் கூடாது, பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற கடைசி ஆட்சேபம் ஆசிரியர்களிடமிருந்து வருவது. குழப்பம் எதில் அதிகம் என்று பார்க்க வேண்டும். கன்டெய்னருக்குள் வரும் பிழை, நிரலுடையதா, நூலகத்துடையதா, படிமத்துடையதா, மெய்நிகர்க் கணினியுடையதா, கோப்புறை இணைப்பின் உரிமைச் சிக்கலா என்று ஐந்தடுக்கில் தேட வேண்டியது. பூட்டுக் கோப்பு திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. ரூபி மொழியினர் இதை எளிய பழக்கமாகவே ஆக்கினார்கள்: 2010-இல் வந்த பண்ட்லர் என்ற நிறுவல் கருவியின் முதல் நிலைப் பதிப்பிலிருந்து, திட்டத்தோடு பூட்டுக் கோப்பையும் சேர்த்து வைப்பது அங்கே இயல்பான வழக்கம். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் 2016-இல் யார்ன் என்ற கருவியும், 2017-இல் என்பிஎம்மின் ஐந்தாம் பதிப்பும், கேட்காமலே அதை எழுதித் தரத் தொடங்கின. பைத்தானிலோ பிப்என்வ், போயட்ரி, யூவி என்று ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு வடிவம் வைத்துக்கொண்டது, ஒன்றின் பூட்டை மற்றொன்று படிக்காது. தனிச்சூழல் 2012-இலேயே மொழியின் உறுப்பாகிவிட்ட அங்கே, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான பூட்டுக் கோப்பின் வடிவத்தை வரையறுக்கும் 751-ஆம் முன்மொழிவு 2025 மார்ச்சில்தான் ஏற்கப்பட்டது. அடுத்த மாதம் வெளியான பிப் 25.1-இல் அக்கோப்பை எழுதித் தரும் கட்டளை சேர்க்கப்பட்டது, இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளது என்ற குறிப்போடு.